காலிப்பருக்குக் கறுப்புப் பெயிண்ட்



மும்பையோ, மங்களூரோ, கொச்சியோ, பூரியோ, என்னைப் போல விசாகப்பட்டினமோ, எந்தக் கரையில் பிழைப்பு ஓடினாலும் சரி, வாசலில் ஒரு கார் நின்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கார் பற்றி எழுத நீ யார் என்று கேட்டால், யாருமில்லை. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டும் ஜென்மம். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் தலையைச் சொறிவேன். ஆனால் பிரேக்குக்குப் பெயிண்ட் அடிக்கப் போன ஒரு சின்ன வேலை எங்கள் வீட்டில் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. அதைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

காலிப்பர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். (தங்கமணியும் படிப்பார் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே!) சைக்கிளில் பிரேக் பிடித்தால் இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் இல்லையா? காரில் ரிம்முக்குப் பதில் சக்கரத்தோடு சுற்றும் ஒரு இரும்புத் தட்டு, அது டிஸ்க். ரப்பர் கட்டைக்குப் பதில் பிரேக் பேட். அந்த இரண்டு பேடையும் பிடித்துக்கொண்டு டிஸ்கைக் கவ்வும் கைதான் காலிப்பர்.

சாதாரணக் கார்களில் இந்தக் கைக்குள் ஒரே ஒரு பிஸ்டன்தான் உண்டு. பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயில் அந்தப் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்கத்துப் பேடை டிஸ்கில் அழுத்தும். அப்போது வெளிப்பக்கத்துப் பேடை யார் அழுத்துவது? உள்ளே தள்ளிய விசைக்கு எதிர்விசையாகக் காலிப்பரே உள்பக்கம் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துவந்து ஒட்டவைக்கும். அப்படி நகர்வதற்காக இரண்டு ஸ்லைடு பின் வைத்திருப்பார்கள். ரப்பர் உறைக்குள், கிரீஸ் பூசி, அலமாரி இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டிய பின்கள். இந்த இரண்டு பின்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அவற்றைப் பற்றித்தான்.

நம் நாட்டுச் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்களுக்கு மட்டுமே டிஸ்க், பின்னால் டிரம். எங்கள் வண்டியும் அப்படித்தான். 2017-ல் வாங்கிய ஹேட்ச்பேக். ஆக, மொத்தம் இரண்டே இரண்டு காலிப்பர்.

நிற்க. இப்போது துருவுக்கு வருவோம்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. உப்பளத்துக் காற்றில் வளர்ந்தவனுக்குத் துரு ஒன்றும் புதுசில்லை. பொங்கல் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு, ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட். கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை சின்னப் பையன்கள் தலையில்தான் விழும். விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி எம்.வி.பி. காலனியில் வீடு பிடித்தபோது கடல் நடந்து போகும் தூரம் என்று வீடே சந்தோஷப்பட்டது. மூன்றே மாதத்தில் பால்கனிக் கதவின் கீல் கீச்சிட்டது. கொடிக்கம்பி சட்டையில் கோடு போட்டது. சரிதான், நம்ம ஊர்க் காற்றுதான் இங்கேயும் என்று புரிந்துவிட்டது.

இந்த ஊர்க் கடற்கரைச் சாலையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள். 1969 முதல் 2001 வரை கடற்படையில் ஓடிய கப்பல், 2002 முதல் அருங்காட்சியகம். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் முதலில் கூட்டிப்போகும் இடம். தண்ணீருக்குள் இல்லாவிட்டாலும் உப்புக் காற்றுக்கு எதிரே நிற்கிற இரும்பு அது. பெயிண்ட் மட்டும் இல்லை என்றால் என்ன ஆகும் என்று அதைப் பார்க்கும் போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

துருப் பிடிக்க மூன்று பேர் சேர வேண்டும்: இரும்பு, தண்ணீர், பிராணவாயு. உப்பு நான்காவது ஆள். நேரடியாகக் கூட்டாளி இல்லை, ஆனால் தரகர். தண்ணீரில் கரைந்து மின்னோட்டம் எளிதாகப் போக வழி செய்து வேலையைத் துரிதப்படுத்தும். அதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் கடலோரத்து இரும்பு லேசான ஈரத்தோடு இருக்க இதுதான் காரணம். இன்னொரு குணமும் உண்டு. இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் துருப் பிடித்த இடம் உப்பிக்கொண்டு அப்பளமாக உதிர்கிறது. உதிர வழியில்லாத சந்துக்குள் துருப் பிடித்தால்? பக்கத்தில் இருப்பதை நெருக்கித் தள்ளும். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் துருவும் ஒரே தரமில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம். எங்கள் வங்கிப் பாஷையில் சொன்னால் கடனைப் பிரிக்கிற மாதிரி துருவையும் பிரிக்க வேண்டும்.

முதலாவது, டிஸ்கின் முகத்தில் வரும் துரு. ராத்திரி மழை பெய்தால் காலையில் டிஸ்க் ஆரஞ்சு நிறமாக நிற்கும். பார்த்தால் பகீர் என்றிருக்கும். தெருமுனை போவதற்குள் நாலு தடவை பிரேக் பிடித்தால் பேடே தேய்த்துத் துடைத்துவிடும். கவலை வேண்டாம். அங்கே பெயிண்டும் அடிக்கக் கூடாது.

இரண்டாவது, காலிப்பரின் மேல் உடம்பில் வரும் துரு. பெரும்பாலும் கனமான வார்ப்பிரும்பு என்பதால் ஓட்டை விழப் பல வருடம் ஆகும். கண்ணுக்கு அசிங்கம், உடனடி ஆபத்தில்லை. ஆனால் விட்டுவிட்டால் ஓரங்களுக்கும் போல்ட்டுகளுக்கும் பரவும். பெயிண்ட் வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, பேடின் இரண்டு முனைகளும் உட்காரும் பிராக்கெட் காடியில் வரும் துரு. அங்கே ஒரு மெல்லிய எவர்சில்வர் தகடு செருகியிருப்பார்கள். தகட்டுக்கு அடியில் துரு உப்பினால் தகடு மேலே எழும்பி பேடை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பேட் நகராது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் டிஸ்கில் உரசிக்கொண்டே இருக்கும்.

நான்காவது, ஸ்லைடு பின்னில் வரும் துரு. ரப்பர் உறை கிழிந்தாலோ, கிரீஸ் காய்ந்தாலோ உப்பும் ஈரமும் உள்ளே போய்ப் பின்னைக் கவ்விக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஐந்தாவது, உள்ளேயிருந்து வரும் துரு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. நாள் போகப் போக அதில் தண்ணீர் சேரும், பிஸ்டன் பக்கம் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே தங்க முலாமே பூசினாலும் இதைத் தடுக்காது.

முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரிவது, உயிருக்கு ஆபத்தில்லாதது. கடைசி மூன்றும் கண்ணுக்குத் தெரியாதது, ஆபத்தானது. நம் கவலையெல்லாம் எப்போதும் முதல் இரண்டின் மேல்தான் இருக்கும் என்பது மனித இயல்பு :-)

2024 செப்டம்பரில் நடந்தது இது. நான் அப்போது விஜயநகரம் பக்கத்துக் கிளையில் இருந்தேன். காலையில் ரயிலில் போய் இரவில் திரும்பும் வாழ்க்கை. கார் தங்கமணி வசம். அவரும் மகளை டியூஷனுக்கு விடுவது, காய்கறி வாங்குவது என்று வாரத்துக்கு மூன்று தடவை எடுத்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் வண்டி கடலைப் பார்த்தபடி திறந்த வெளியில் நிற்கும். ஓடுகிற காரைவிட நிற்கிற காருக்குத் துரு சீக்கிரம் வரும். ஓடினால் சூடாகி ஈரம் காயும், பின்களும் அசைந்துகொண்டிருக்கும். நின்றால் இரண்டும் இல்லை.

தசரா விடுமுறைக்கு அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வருவதாக ஏற்பாடு. எல்லோருமாக அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போவதாக மகள் திட்டம் போட்டுவிட்டாள். விசாகப்பட்டினத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். எஸ்.கோட்டா தாண்டியதும் மலைப்பாதை தொடங்கும். அனந்தகிரி காப்பித் தோட்டங்கள் வழியாக வளைந்து வளைந்து ஏறி, பள்ளத்தாக்கு இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில்.

கார் அதற்கு முந்தின மாதம்தான் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. எந்த சர்வீஸ் சென்டர் என்பது வேண்டாம். ஜாப் கார்டில் பிரேக் என்ற வரிக்கு நேரே அழகாக ஒரு டிக். பில்லும் அழகாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது அலாய் வீல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். காலிப்பர் இரண்டும் செங்கல் நிறத்தில் செதில் செதிலாக இருந்தன. ஜன்னல் கம்பி தேய்த்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முடிவு.

"சிவப்பு அடிங்கப்பா, சூப்பரா இருக்கும்" என்றாள் மகள்.

"எங்கே, ரேஸுக்கா போறோம்? கறுப்பு அடிங்க. அழுக்கு தெரியாது" என்றார் தங்கமணி.

எங்கள் வீட்டில் தீர்ப்பு எப்போதும் இரண்டாவதாகப் பேசுபவர் பக்கம்தான். கறுப்பு!

சக்கரத்தைக் கழற்றி வீட்டு வாசலில் வித்தை காட்ட எனக்கு விருப்பமில்லை. தெருமுனையில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். தெலுங்கில் யார் பெயருக்குப் பின்னாலும் மரியாதைக்கு ஒரு 'காரு' போடுவார்கள். ஆக, காரைப் பார்ப்பவர் மெக்கானிக் காரு. பெயிண்ட் நான் அடிக்கிறேன், கழற்றி மாட்டுவது மட்டும் நீங்கள் என்று பேசி முடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே வலது முன் சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு மேலே தூக்கப் பார்த்தார். வரவில்லை. நெம்பிக் கழற்றிப் பேடை எடுத்துக் கையில் வைத்துக் காட்டினார். சிரிப்பு போய்விட்டது.

வெளிப் பேடில் ஏழு மில்லிமீட்டர் இருந்தது. உள் பேடில் இரண்டுகூட முழுசாக இல்லை.

"சார், பின்னு ஜாம் அயிபோயிந்தி" என்றார்.

ரப்பர் உறையில் நகக்கண் அளவு கிழிசல். அதற்குள்ளே பின் பழுப்பாக இறுகியிருந்தது. காலிப்பர் நகரவே இல்லை. வெளிப் பேட் பேருக்கு உட்கார்ந்திருக்க, பிஸ்டன் தள்ளும் உள் பேட் மட்டும் தனியாளாக உழைத்துத் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. சக்கரம் மாட்டியிருக்கும்போது இடுக்கு வழியாகப் பார்த்தால் தெரிவது வெளிப் பேட்தான். டிக் போட்டவர் எதைப் பார்த்து டிக் போட்டார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

எங்கள் வேலையில் கோடவுன் சோதனை என்று ஒன்று உண்டு. கடன் வாங்கியவர் அடுக்கி வைத்திருக்கும் மூட்டைகளை எண்ணிப் பார்க்கப் போவோம். பழைய அதிகாரிகள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்: முன்வரிசையை எண்ணாதே, பின்வரிசைக்குப் போய் ஒரு மூட்டையைக் குத்திப் பார். முன்னால் நெல், பின்னால் உமி என்பது பழைய வித்தை. வெளிப் பேட் முன்வரிசை, உள் பேட் பின்வரிசை. அவ்வளவுதான் விஷயம்.

அன்று இரவு மகளிடம் இதைச் சொன்னேன். பதினொன்றாம் வகுப்பு, இயற்பியல் சூடாக இருக்கும் வயசு. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டாள். காரும் ஐந்து பேரும் சாமானும் சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 900 மீட்டர் கீழே இறங்கினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 1 கோடியே 15 லட்சம் ஜூல். அதை அப்படியே சூடாக மாற்றினால் 30 டிகிரியில் இருக்கும் கிட்டத்தட்ட 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்.

"நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி கேன் ரெண்டுப்பா" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முழுச் சூடும் பிரேக்குக்குப் போகாது என்பது உண்மை. கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும், காற்றும் டயரும் ஒரு பங்கு தின்னும். மீதி பிரேக்குக்குத்தான். அதிலும் பெரும்பங்கு முன்னால் இருக்கும் இரண்டு டிஸ்குக்கு. அந்த இரண்டில் ஒன்று பாதிக் கையோடு வேலை செய்கிறது, அதன் பேட் தேய்ந்து அடித்தகட்டை நெருங்கிவிட்டது.

ஆயிலின் கணக்கு தனி. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாத கொதிநிலை இருக்க வேண்டும் என்பது தர விதி. அதிலேயே 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205-ம் 140-ம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். ஆயிலை அழுத்தினால் விசை கடத்தும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. எங்கள் வண்டியில் ஆயில் மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தது பில்களைப் புரட்டியபோது தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

பின்சீட்டில் எழுபத்து நான்கு வயது அப்பா, முட்டி வலியோடு அம்மா, நடுவில் மகள். அந்தப் படம் மனசில் வந்ததும் பெயிண்ட் வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது. முதலில் புதுப் பின், ரப்பர் உறை, இரண்டு பக்கமும் புதுப் பேட், புது ஆயில். ஒரு பக்கம் மட்டும் பேட் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் பெயிண்ட்.

இனி செய்முறை. சமையல் குறிப்பு மாதிரி படித்துக்கொள்ளுங்கள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி ஏற்ற வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். கீழே ஸ்டாண்ட் கொடுப்பது கட்டாயம்.

பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது, காற்றடித்தும் பறக்கவிடக் கூடாது. நுரையீரலுக்கு நல்லதில்லை. முகமூடி போட்டுக்கொண்டு பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் நனைத்துத் துடையுங்கள். மண்ணெண்ணெய், டீசல், பூட்டுக்குப் போடும் எண்ணெய் எதுவும் பேட் பக்கமோ டிஸ்க் பக்கமோ வரவே கூடாது. எண்ணெய் குடித்த பேட் பிடிக்காது.

அடுத்து கம்பி பிரஷ். செதில் எல்லாம் உதிர்ந்து கெட்டி இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். பிறகு உப்புத்தாள். உப்பு கொண்டுவந்த துருவை உப்புத்தாளால் தேய்க்கிறோம் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். இந்த வேலைதான் முக்கால்வாசி. துருவுக்கு மேலேயே பெயிண்ட் அடிப்பது, வாராக்கடனுக்குப் புதுக்கடன் கொடுத்து வரவு வைப்பது மாதிரி. அந்தக் காலாண்டுக்கு அழகாக இருக்கும். அப்புறம் பெயிண்டோடு சேர்ந்தே உரிந்து வரும்.

குழிகளில் தேய்க்க முடியாமல் ஒட்டியிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு திரவம் கிடைக்கிறது. பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். துருவோடு சேர்ந்து அதைக் கறுப்பான, கெட்டியான படலமாக மாற்றிவிடும். டில்லியில் இருந்தபோது குதுப் மினார் பக்கத்து இரும்புத் தூணை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். சுமார் 1,600 ஆண்டுகளாகப் பெரிதாகத் துருப்பிடிக்காமல் நிற்கும் தூண். அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்றும், அது உண்டாக்கிய பாஸ்பேட் படலம்தான் தூணைக் காக்கிறது என்றும் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதினார். நாம் டப்பாவில் வாங்குவதும் ஏறக்குறைய அந்தத் தத்துவத்தின் சின்னத் தம்பிதான். ஆனால் 1,600 வருடம் உத்தரவாதம் கிடையாது!

பிறகு மாஸ்கிங் டேப். டிஸ்க், பேட், பிரேக் ஹோஸ், பிஸ்டனின் ரப்பர் உறை, பின்களின் ரப்பர் உறை, ஆயில் காற்று எடுக்கும் நிப்பிள், பேட் உட்காரும் காடி இவற்றின் மேல் ஒரு சொட்டுப் பெயிண்ட் படக் கூடாது. சக்கரம் வந்து உட்காரும் ஹப்பின் முகத்திலும் வேண்டாம். அங்கே தடித்த பெயிண்ட் இருந்தால் பின்னால் அது நசுங்கி வீல் நட்டின் பிடிப்பு தளரும்.

பெயிண்ட் எது? வீட்டு ஜன்னலுக்கு மிஞ்சிய எனாமல் உதவாது. சூட்டில் நிறம் மாறி, இளகி, உரியும். காலிப்பருக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் பெயிண்ட் வேண்டும். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், 250-க்குக் குறைந்து வாங்காதீர்கள். ஸ்பிரே என்றால் சுற்றியுள்ளதை எல்லாம் மூட வேண்டும். நான் சின்ன பிரஷ்ஷால் அடித்தேன். மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவில் இருபது நிமிஷம். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் வழியும், உள்ளே காயாது. இரவு முழுக்கக் காயவிட்டேன். சில பெயிண்ட் முதல் தடவை நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுசாக இறுகும் என்பதால் டப்பாவில் உள்ள குறிப்பைப் படித்துவிடுங்கள். இன்னொன்று, பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். ஆயில் மாற்றும் வேலை இருந்தால் அதை முடித்துத் துடைத்துவிட்டுத்தான் பெயிண்ட்.

காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். கழற்றியிருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். பின்களுக்குச் சிலிக்கான் பிரேக் கிரீஸ்தான். சாதா கிரீஸ் அந்த ரப்பரை ஊதிப்போகச் செய்யும். எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். இது மிக மிக முக்கியம்.

செலவுக் கணக்கு எழுதாவிட்டால் நான் பி.காம். படித்ததில் அர்த்தமில்லை. பேட் ஒரு செட் 1,900 ரூபாய், பின்னும் உறையும் 480, ஆயில் 350, பெயிண்டும் பிரஷ்ஷும் டேப்பும் 620, கிளீனர் 300, கூலி 1,200. மொத்தம் 4,850. இதில் பெயிண்ட் பங்கு எட்டில் ஒரு பாகம்தான். ஆனால் அந்த 620 ரூபாய் ஆசை இல்லையென்றால் மீதி 4,230 ரூபாய் வேலை நடந்திருக்காது.

அக்டோபரில் அரக்கு போய்வந்தோம். ஏறும்போது காலிகொண்டா பார்வைமுனையில் நிறுத்தி எல்லோரும் டீ குடித்தோம். இறங்கும்போது நான்தான் ஓட்டினேன். "ஏல, ஏறுன கியர்லயே எறங்குல" என்று அப்பா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அறுபதுகளில் பிறந்த லாரிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம், இன்றைக்கும் அதைவிட நல்ல பாடம் இல்லை. அம்மா தூங்கிவிட்டார். அடிவாரத்தில் நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்திலும் தொடாமல் புறங்கையைக் காட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு அனல். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் கொதித்தால், அல்லது கருகல் வாடை வந்தால், அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது. நீங்களும் செய்து பாருங்கள்.

பாம்பனில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைச் சின்ன வயசில் கடந்தபோது அந்த வயசுக்கு அது பெரிய அதிசயம். உப்புக் காற்றோடு நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலத்துக்குத் துருவைத் தடுக்க பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு ஒரு காவல், தெரியாத இடத்துக்கு ஒரு காவல். அந்தப் பெரிய பாலத்துக்குள்ள நியாயம்தான் நம் சின்னக் காலிப்பருக்கும்.

எங்கள் வீட்டு நாட்காட்டியில் இப்போது வருடத்துக்கு இரண்டு நாள் குறித்திருக்கிறது. மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. அன்றைக்குச் சக்கரம் கழற்றி, உள் பேடின் கனம் அளந்து, பின் இரண்டும் விரலால் தள்ளினால் வழுக்குகிறதா என்று பார்த்து, பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் ஒரு தொடுப்பு. சர்வீஸுக்கு விட்டாலும் சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேடையும் காட்டச் சொல்லுகிறேன். முதல் தடவை முறைத்தார்கள். இப்போது அவர்களே கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வண்டி நாலைந்து வருடமாகக் கடற்கரை ஊரில் நிற்கிறது என்றால் இந்த வாரக் கடைசியில் ஒரு டப்பா பெயிண்ட் வாங்குங்கள். சிவப்போ, மஞ்சளோ, உங்கள் வீட்டில் இரண்டாவதாகப் பேசுபவர் சொல்லும் நிறமோ. பெயிண்ட் அடிப்பதற்கு முன் உள் பேடைப் பாருங்கள்.

டிஸ்கி: மகள் இன்னும் சிவப்பைக் கைவிடவில்லை. அடுத்த பூச்சுக்குப் பேச்சுவார்த்தை நடக்கிறது.